அறிந்து உண்பது எப்படி: உணவுத் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உணவை நெறியோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பலர் முதல் மாதத்திலேயே களைத்துப்போய்ப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு பொட்டலத்தின்மேல் ‘இயற்கையானது’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த பொட்டலத்தில் ஒரு பச்சை முத்திரை இருக்கிறது. மூன்றாவது அருகிலேயே விளைந்தது, ஆனால் இரட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவருக்குத் தகவல் குறைவாக இருப்பதல்ல சிக்கல். பெரிய செய்தியும் சிறிய செய்தியும் ஒரே உரத்த குரலில் அவரிடம் பேசுவதுதான் சிக்கல். ஆகவே எந்தக் கேள்விக்கு எடை அதிகம், எதற்குக் குறைவு என்று முதலில் பிரித்துக்கொண்டு, எடை மிகுந்தவற்றிலிருந்து தொடங்குவதே நான் கண்ட வழி. இன்னதை உண்ணலாம், இன்னதை உண்ணக்கூடாது என்ற பட்டியல் இதில் இல்லை. அந்தப் பட்டியலை அவரவரே போட்டுக்கொள்வதற்கான முறை இருக்கிறது.

முதல் படி: பதினான்கு நாள் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் 14 நாள்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் உண்டதையும் வலப்பக்கம் எறிந்ததையும் குறித்தால் போதும். கலோரி, கிராம் எதுவும் வேண்டியதில்லை. எந்தப் பொருள், எத்தனை முறை என்பது மட்டும் தெரிய வேண்டும்.

நான் முதன்முறை இதைச் செய்தபோது, பால் பொருள்களை அரிதாகவே உண்பவன் என்று என்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தேன். இடப்பக்கத்தில் சீஸ் 11 இடங்களில் வந்திருந்தது. வலப்பக்கம் அதைவிட வெட்கப்பட வைத்தது: ரொட்டியின் காய்ந்த ஓரத் துண்டுகள் நான்கு முறை, வாங்கிய கீரைக் கட்டில் பாதி இரண்டு முறை, ஒரே ஒரு கரண்டி எடுத்துவிட்டு மறந்துபோன தக்காளி விழுது ஒரு முறை. அந்தப் பாட்டிலை மூடி திறந்து பார்த்தபோது மேற்பரப்பு முழுவதும் வெள்ளைப் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்திருந்தது.

இந்தக் கணக்கின் பயன் என்னவென்றால், நாம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோமோ அதைத்தான் மிகுதியாக உண்கிறோம் என்ற மயக்கம் கலைந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் ஓர் அரிய பொருளைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். நாள்தோறும் காலையில் கையில் எடுக்கும் காப்பிக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நோட்டில் அதிக முறை வந்திருக்கும் ஐந்து பொருள்களை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அடுத்துவரும் படிகள் எல்லாவற்றையும் அந்த ஐந்தின் மேல்தான் செலுத்தப்போகிறோம்.

இரண்டாம் படி: எந்த நன்மை என்று பிரித்துக் கேட்பது

‘நல்ல உணவு’ என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். இது என் உடலுக்கு நல்லதா? மண்ணுக்கும் நீருக்கும் காலநிலைக்கும் என்ன செய்கிறது? இதற்காக ஓர் உயிர் எப்படி வாழ்ந்து, எப்படி இறந்தது? இதை விளைவித்தவருக்கும் பறித்தவருக்கும் உரிய கூலி கிடைத்ததா? இந்த நான்கும் பல சமயம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களைத் தெரிந்துவைத்திருப்பவர்தான் பின்னால் குழம்பாமல் இருப்பார்.

மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுவதை எடுத்துக்கொள்வோம். காலநிலைக் கணக்கில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும்; ஒரு கோழியிலிருந்து 2 கிலோ கிடைத்தாலே அதிகம். அதே அளவு இறைச்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை நெருக்கமான கொட்டகைகளில் சில வாரங்களே வாழ்பவை. விலங்கின் துன்பத்தை முதன்மையாகக் கருதுபவருக்கு இது முன்னேற்றமே அல்ல. இயற்கை வேளாண்மையிலும் இத்தகைய முடிச்சு உண்டு: செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் தவிர்க்கப்படுகின்றன, ஆனால் சராசரியாக விளைச்சல் குறைவதால் அதே அளவு தானியத்துக்குக் கூடுதல் நிலம் தேவைப்படுகிறது.

நான்கு கேள்விகளையும் உங்களுக்கு முக்கியமான வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். என் வரிசை உங்கள் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று இல்லாதபோது, கடையில் எந்த விளம்பரம் முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே நமக்காக முடிவெடுத்துவிடும்.

மூன்றாம் படி: சுற்றுச்சூழல் கணக்கில் எடை எங்கே இருக்கிறது

பொதுப் பேச்சும் அளவீடும் மிகவும் விலகி நிற்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி, 40 உணவுப் பொருள்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ 26 சதவீதம் உணவு சார்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று.

அதைவிட நமக்குப் பயன்படுவது பொருள்களுக்கிடையே உள்ள இடைவெளி. 100 கிராம் புரதம் கிடைப்பதற்கு வெளியாகும் வாயுக்களைக் கரியமில வாயுவுக்கு நிகராக மாற்றிச் சொன்னால், இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டின் இறைச்சிக்குச் சராசரியாக 50 கிலோ, ஆட்டிறைச்சிக்கு 20, சீஸுக்கு 11, பன்றி இறைச்சிக்கு ஏறத்தாழ 7.6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2, சோயாவிலிருந்து எடுக்கும் டோஃபுவுக்கு 2, பருப்பு வகைகளுக்கு 1 கிலோவுக்கும் குறைவு. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் தீனி நொதிக்கும்போது மீத்தேன் உருவாகி ஏப்பமாக வெளியேறுவது இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமேற்றும் திறன் கரியமில வாயுவைப்போல் 27 மடங்குக்குக் குறையாது. மேய்ச்சலுக்கும் தீனிப் பயிருக்கும் காடு அழிக்கப்படுவது மற்றொரு காரணம். ஒரே பொருளிலும் பண்ணைக்குப் பண்ணை வேறுபாடு மிகப் பெரிது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆயினும் மிகக் கவனமாக நடத்தப்படும் பண்ணையின் மாட்டிறைச்சியும் பட்டாணியைவிடப் பல மடங்கு கூடுதல் தாக்கம் கொண்டதாகவே இருக்கிறது.

இனி, தூரம். ‘அருகில் விளைந்ததை உண்’ என்ற அறிவுரைக்கு வேறு நியாயங்கள் உண்டு. அருகிலுள்ள விவசாயியிடம் நேரில் கேள்வி கேட்க முடிவது அவற்றுள் ஒன்று. காலநிலை நியாயம் மட்டும் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டது. உணவு சார்ந்த உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான், ஏனெனில் தொலைதூர உணவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, கப்பலில் ஒரு டன் சரக்கைக் கொண்டுவர ஆகும் எரிபொருள் மிகக் குறைவு. விமானத்தில் வரும் உணவு இதற்கு விதிவிலக்கு. விரைவில் வாடக்கூடிய, எடை குறைந்த, தொலைவிலிருந்து பருவம் தவறி வரும் பொருள்கள் (மென்மையான பெர்ரிப் பழங்கள், பச்சைக் காய்களில் சில) விமானத்தில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். குளிர்நாட்டில் எரிபொருளால் சூடாக்கப்பட்ட கண்ணாடி இல்லத்தில் விளைந்த தக்காளி, வெயில் நாட்டில் திறந்தவெளியில் விளைந்து லாரியில் வந்த தக்காளியைவிட அதிக உமிழ்வு கொண்டதாக இருக்கக்கூடும். தூரத்தைப் பார்ப்பதற்கு முன் பொருளைப் பாருங்கள் என்பதுதான் இதன் சாரம்.

தண்ணீர்க் கணக்கில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு ஏறத்தாழ 15,400 லிட்டர் நீர் என்ற எண்ணைப் பலரும் கேட்டிருப்பார்கள். அது உலகச் சராசரி. அதில் 90 சதவீதத்துக்கு மேல் மேய்ச்சல் நிலத்திலும் தீனிப் பயிரிலும் விழுந்த மழைநீர். மழை வளமான இடத்தில் அந்த நீரை மிச்சப்படுத்தி யாருக்கும் பயனில்லை; நிலத்தடி நீர் வற்றிவரும் வறண்ட பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சி வளர்க்கப்பட்ட ஒரு பழமோ கொட்டையோ, எண்ணில் சிறிதாக இருந்தாலும் தீங்கில் பெரிதாக இருக்கலாம். ஆகவே எத்தனை லிட்டர் என்று கேட்பதோடு எந்த இடத்து நீர் என்றும் கேளுங்கள்.

நான்காம் படி: பொட்டலத்தைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது

பொட்டலத்தின் முன்பக்கம் விற்பவருடையது. பின்பக்கம் பெரும்பாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-இல் தொடங்கிய கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற தர ஆணையத்தின் விதிப்படி, சேர்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். பல நாடுகளின் சட்டங்கள் இதைப் பின்பற்றுகின்றன. முதலில் உள்ளதுதான் அதிகம் உள்ளது.

ஒருமுறை நான் கையில் எடுத்த பிஸ்கட் பொட்டலத்தின் முன்பக்கத்தில் பொன்னிறக் கதிர்கள் அசைந்தன; ‘பல தானியங்களின் நன்மை’ என்று எழுதியிருந்தது. பின்பக்கம் திருப்பினால் வரிசை இப்படி இருந்தது: சுத்திகரித்த கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில், பல தானிய மாவு 6 சதவீதம், குளுக்கோஸ் சிரப், மால்ட் சாறு, உப்பு. பொட்டலத்துக்குப் பெயர் கொடுத்த பொருள் நான்காம் இடத்தில் 6 சதவீதமாக ஒடுங்கியிருந்தது. இனிப்பு மட்டும் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்ட் சாறு என்று மூன்று பெயர்களில் மூன்று இடங்களில் பிரிந்து நின்றது. மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு இனிப்பின் உண்மையான இடம் தெரியாது.

ஊட்டச்சத்து அட்டவணையில் ‘ஒரு பரிமாறும் அளவுக்கு’ என்ற நெடுவரிசையை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு உள்ள அளவைப் பாருங்கள். பரிமாறும் அளவைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் உற்பத்தியாளரே. இரண்டு பிஸ்கட்டை ஓர் அளவு என்று அவர் வைத்துக்கொண்டால் எந்தப் பொருளும் ஒல்லியாகத் தெரியும். உப்புக்குப் பதிலாகச் சோடியம் என்று எழுதியிருந்தால் 2.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 600 மில்லிகிராம் சோடியம் என்பது 1.5 கிராம் உப்பு. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்புச் சேர்க்க வேண்டும், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்பவை உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைகள். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தால் அது பேசத் தொடங்கும்.

சில சொற்களுக்கு உண்மையிருந்தும் பொருளில்லை. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் என்றுமே இருப்பதில்லை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அதன்மேல் எழுதுவது தண்ணீர் பாட்டிலில் ‘எலும்பு இல்லாதது’ என்று எழுதுவதைப் போன்றது. ‘இயற்கையானது’ என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் உறுதியான சட்ட வரையறை இல்லை.

அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு என்ற பேச்சு இப்போது மிகுதியாக அடிபடுகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மான்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் வகுத்த நோவா என்ற பகுப்பு, உணவை அது எந்த அளவுக்குத் தொழிற்சாலையில் உருமாற்றப்பட்டது என்பதைக் கொண்டு நான்கு பிரிவுகளாக்குகிறது. எல்லை எங்கே என்பதில் அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. நடைமுறைக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு: வீட்டு அடுக்களையில் யாரும் வைத்திராத பொருள்கள், அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்துவைக்கும் பால்மமாக்கிகள், செயற்கைச் சுவையூட்டிகள், பிரித்தெடுத்த புரதங்கள் போன்றவை பட்டியலில் வரிசைகட்டி நின்றால், அது நாள்தோறும் உண்பதற்கான பொருளா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: முத்திரையிடம் மூன்று கேள்விகள்

முத்திரை என்பது ஒரு வாக்குறுதி; அதன் மதிப்பு அதை யார் சரிபார்த்தார் என்பதைப் பொறுத்தது. எந்த முத்திரையைக் கண்டாலும், விதி எங்கே எழுதப்பட்டுப் பொதுவில் கிடைக்கிறது, விற்பவரைச் சாராத வெளியார் சோதிக்கிறாரா, விதியை மீறினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். இலையும் இதயமும் வரைந்த முத்திரைகளில் பல, நிறுவனம் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட மகுடங்கள்.

தெளிவான முத்திரைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் முட்டை எண் நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டின்மேல் அச்சிட்ட எண்வரிசையின் முதல் இலக்கம் 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியே திரியும் கோழி, 2 என்றால் கூண்டில்லாத கொட்டகை, 3 என்றால் கூண்டு. ஒரே இலக்கம், நான்கு வாழ்க்கைகள். பழைய வகைச் சிறு கூண்டுகள் அங்கே 2012 முதல் தடைசெய்யப்பட்டன. 3 என்ற எண் தாங்கிய முட்டை, சற்றுப் பெரிதாக்கப்பட்ட கூண்டிலிருந்து வருவது. வாங்குபவர் ஒரு நொடியில் முடிவெடுக்கும்படி உண்மையை எழுத முடியும் என்பதற்கு இது சான்று. மற்ற பொருள்களில் அப்படி எழுதப்படாதது முடியாமையால் அன்று.

விலங்கு நலம் குறித்த இன்றைய விதிகளுக்கு ஒரு வேர், பிரிட்டனில் 1965-இல் வெளியான பிராம்பெல் குழுவின் அறிக்கை. பண்ணை விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைத் தானே சுத்தம் செய்துகொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அது சொன்னது. மனிதருக்குச் சிறைக்கூடத்தில் கூட நாம் கேட்கத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்தபட்சமான கோரிக்கை அது என்பதைக் கவனித்தால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பது விளங்கும். ஆகவே ‘மகிழ்ச்சியான’, ‘அன்போடு வளர்த்த’ போன்ற அடைமொழிகளைப் புறக்கணித்து, ஒரு விலங்குக்கு எத்தனை சதுர அடி, வெளியே செல்ல வழியுண்டா, நோயில்லாதபோதும் மந்தை முழுவதற்கும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்களா என்று அளவிடத்தக்கவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்வி விலங்கைப் பற்றியது மட்டுமன்று; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சியூட்டியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2006-இல் நிறுத்தியது.

மீனுக்கு மூன்று விவரம் தேவை: எந்த இனம், எந்தக் கடற்பகுதி, எந்த முறையில் பிடிக்கப்பட்டது. கண்காணிக்கப்படும் கடல் மீன் கூட்டங்களில் 1974-இல் ஏறத்தாழ 10 சதவீதம் தாங்கும் அளவை மீறிப் பிடிக்கப்பட்டது. 2021-இல் அது 37.7 சதவீதம் என்று உலக உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது. வளர்ப்பு மீன் என்றால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். சால்மன் போன்ற ஊனுண்ணி மீன்களின் தீனியில் கடலில் பிடித்த சிறு மீன்களும் சேர்கின்றன. நீரை வடிகட்டித் தானே உணவு தேடிக்கொள்ளும் சிப்பி, மட்டி வகைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பாமாயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படியை முடிக்க முடியாது, ஏனெனில் முழுமையான புறக்கணிப்பு எப்போதும் நல்லதல்ல என்பதற்கு அதுவே பாடம். எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகத் தென்கிழக்கு ஆசியாவில் பெருங்காடுகள் அழிந்தது உண்மை. ஆனால் ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை தரும் எண்ணெய், சோயாவோ சூரியகாந்தியோ தருவதைப்போல் பல மடங்கு. அதைக் கைவிட்டு அதே அளவு வேறு எண்ணெய்க்கு மாறினால் அதிக நிலம் தேவைப்படும். காடழிக்காமல் விளைந்ததற்கான சான்றிதழைக் கேட்பதும், எந்த எண்ணெயானாலும் பொரித்த தொழிற்சாலைத் தின்பண்டத்தைக் குறைப்பதும் இதைவிடப் பயன் தரும். சான்றிதழிலும் ஒரு நுட்பம் உண்டு: சில வகைச் சான்றிதழ்களில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் ஒரே தொட்டியில் கலக்கப்பட்டு, கணக்குப் புத்தகத்தில் மட்டும் பிரிக்கப்படுகின்றன. அது ஏமாற்று அல்ல, ஆனால் உங்கள் கையிலிருக்கும் துளி எந்தத் தோட்டத்தினுடையது என்பதற்கு அது உறுதியும் அல்ல.

ஆறாம் படி: விளைவித்த கைகளைத் தேடுவது

நான்கு கேள்விகளில் மிகவும் கண்ணுக்குத் தெரியாதது உழைப்பு. உலகின் கோகோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது, பெரும்பாலும் சிறு குடும்பங்களின் தோட்டங்களில். கோகோ உற்பத்தியில் மிக மோசமான குழந்தைத் தொழில் வடிவங்களை ஒழிப்பதாகச் சாக்லேட் துறை 2001-இல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த இரு நாடுகளின் கோகோப் பகுதிகளில் 2018-19 பருவத்தில் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் குழந்தைத் தொழிலாளராக இருந்தார்கள். அரிவாள் பிடித்துக் காயை வெட்டுவதும், சுமை தூக்குவதும், பூச்சிக்கொல்லி தெளிக்கும் இடத்தில் நிற்பதும் அந்த வேலையில் அடங்கும்.

இதன் அடியில் இருப்பது கொடூர மனம் அன்று, விலை. கூலியாள் வைக்கும் அளவுக்குக் கொட்டைக்கு விலை கிடைக்காத விவசாயி தன் பிள்ளையை அழைத்துச் செல்கிறார். நியாய வணிக இயக்கம் கை வைத்தது இந்த இடத்தில்தான். 1988-இல் நெதர்லாந்தில், மெக்சிகோவின் விவசாயிகள் கூட்டுறவு அனுப்பிய காப்பிக்கு முதல் நியாய வணிக முத்திரை ஒட்டப்பட்டது. சந்தை விலை சரிந்தாலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற அடித்தள விலையும், ஊர்ப் பொதுச் செலவுக்கு ஒரு கூடுதல் தொகையும் அந்த முறையின் இரு தூண்கள். அது எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. சான்றிதழ் கட்டணத்தைக் கட்ட முடியாத மிகச் சிறிய விவசாயிகள் வெளியே நிற்கிறார்கள். கூட்டுறவில் உறுப்பினரல்லாத தினக்கூலிக்குப் பயன் சென்று சேருவது உறுதியில்லை. இருந்தும், எதையும் உறுதியளிக்காத பொட்டலத்துக்கும் அடித்தள விலையை உறுதியளிக்கும் பொட்டலத்துக்கும் இடையே தேர்வு என்றால், இரண்டாவதை எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

உங்கள் ஐந்து பொருள்களில் காப்பி, தேயிலை, கோகோ, சர்க்கரை, வாழைப்பழம் ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்கும். அந்த ஒன்றில் இந்தக் கேள்வியைத் தொடங்குங்கள். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதும் வீண்வேலை அல்ல. எந்த வட்டாரத்தில், யாரிடம் கொள்முதல் செய்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பெயரும் இடமும் சொல்லும் பதில் ஒரு வகை. ‘நாங்கள் மிக உயர்ந்த நெறிகளைப் பின்பற்றுகிறோம்’ என்ற பதில் இன்னொரு வகை.

ஏழாம் படி: உணவுச் செய்தியை எடைபோடுவது

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில், புகையிலை இருக்கும் அதே பிரிவில், வைத்தது. இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று செய்தி பரவியது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறதேயொழிய ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பதே முகமை தந்த கணக்கு. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதக் கூடுதல் என்பது 5-ஐ 23 ஆக்குவதில்லை. ஏறத்தாழ 6 ஆக்குகிறது. புறக்கணிக்கத்தக்க எண் அன்று, பீதிக்குரியதும் அன்று. எந்தச் செய்தியிலும் ‘எதிலிருந்து எத்தனை சதவீதம்’ என்று கேட்டுப் பழகியவரை யாரும் எளிதில் மிரட்ட முடியாது, எளிதில் மயக்கவும் முடியாது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: எறிவதைக் குறைப்பது

வீட்டிலேயே முழுவதும் நம் கையிலிருக்கும் படி இது. 2022-இல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது என்றும், நுகர்வோரை எட்டிய உணவில் அது 19 சதவீதம் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எவ்வளவு நெறியோடு விளைந்த உணவானாலும் குப்பையில் விழுந்தபின் அதற்குச் செலவான நிலமும் நீரும் உழைப்பும் திரும்புவதில்லை. குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வேறு.

தேதிகளைப் பிரித்தறிவது முதல் வேலை. ‘இந்தத் தேதிக்குள் உண்டால் சிறந்தது’ என்பது சுவையும் மொறுமொறுப்பும் பற்றியது; அந்த நாள் கடந்த பிஸ்கட்டையும் உலர்ந்த பருப்பையும் முகர்ந்து பார்த்து உண்ணலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது. இறைச்சி, மீன் போன்றவற்றில் அதை மீறக்கூடாது, ஏனெனில் நோய்தரும் கிருமி எப்போதும் நாற்றம் காட்டி எச்சரிப்பதில்லை. ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் கெடுவதைக் கண்மட்டத் தட்டில் முன்னால் வையுங்கள். காய்கறிப் பெட்டியின் அடியில் போனது மறக்கப்பட்டது என்றே பொருள்.

ஒன்பதாம் படி: ஒவ்வொன்றாக மாற்றுவது

வட்டமிட்ட ஐந்து பொருள்களில் ஒரு மாதத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றம் மூன்று வகையாக இருக்கலாம்: அதே பொருளை நல்ல இடத்திலிருந்து வாங்குவது, குறைவாக உண்பது, வேறொன்றை வைப்பது. இறைச்சியை வாரத்தில் ஐந்து முறையிலிருந்து இரண்டு முறையாக்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல பண்ணையினுடையதை வாங்குவது பலருக்கு ஒத்துவருகிறது. விலங்கு உணவை முழுவதும் விடுபவர்கள் வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கட்டாயம் எடுக்க வேண்டும். தாவரங்களில் அது நம்பும்படியான அளவில் இல்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள் பெரிய மாற்றம் செய்வதற்கு முன் மருத்துவரைக் கேட்பது முறை.

குடும்பத்தாரின் தட்டை உங்கள் நோட்டுப் புத்தகத்தால் அளக்காதீர்கள். சமைப்பவர் நீங்களல்ல என்றால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் உங்கள் கொள்கைக்கான கூடுதல் வேலை அவர் தலையில் விழும். விருந்துக்குச் சென்ற இடத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், பரிமாறுபவர் முன்னால் விவாதம் எழாது. குறைந்த வருவாயில் வீடு நடத்துபவரிடம் முத்திரையில்லாத முட்டையைக் காட்டி நெறி பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்குப் பருப்பும் வீணாக்காமையும் போதும்; அந்த இரண்டும் எந்த முத்திரையையும்விட மலிவு.

மூன்று மாதம் கழித்து அதே நோட்டில் இன்னொரு 14 நாள் எழுதுங்கள். என் இரண்டாவது கணக்கில் சீஸ் நான்கு இடங்களில் இருந்தது. வலப்பக்கத்தில் ரொட்டி ஓரம் ஒரு முறைகூட இல்லை, வாங்கிய அன்றே துண்டுகளை உறையவைக்கக் கற்றிருந்தேன். கீரை மட்டும் அப்படியே இருந்தது, பாதிக் கட்டு, இரண்டு முறை. அதன்பிறகு கீரை வாங்கும் நாளை மாற்றினேன்: சமைக்கப்போகும் அன்று காலை மட்டும்.